கேமரா யார் கையில்? ஆர்தர் ஜாஃபாவின் கலைவழியும் வன்முறைக் காட்சிகளின் அரசியலும்

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் காரோடு கட்டிவைத்து அடித்தவர்கள் தம் செயலைத் தாமே படமெடுத்துப் பரப்பினர். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலிருந்த ஒரு கலைக்கூடத்தில் ஏறத்தாழ ஏழரை நிமிடம் ஓடும் காணொளி ஒன்று திரையிடப்பட்டது. தப்பியோடும் கறுப்பின மனிதர் ஒருவரைக் காவலர் பின்னாலிருந்து சுடும் காட்சி அதில் இருந்தது. அக்காட்சிக்கு முன்னும் பின்னும் ஆடுபவர்களும் பாடுபவர்களும் விளையாடுபவர்களும் தேவாலயத்தில் மெய்மறந்து நிற்பவர்களும் இருந்தனர்.

முதல் இரண்டும் நாமறிந்தவை. மூன்றாவது, அமெரிக்கக் கலைஞர் ஆர்தர் ஜாஃபா உருவாக்கிய 'லவ் இஸ் த மெசேஜ், த மெசேஜ் இஸ் டெத்' என்னும் படைப்பு. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. ஆயினும் மூன்றிலும் ஒரு கேள்வி பொதுவாக இருக்கிறது. ஒடுக்கப்பட்டோர் உடல்மீது நிகழும் வன்முறை படமாகும்போது அது என்னவாகிறது? சான்றாகிறதா, துக்கமாகிறதா, சரக்காகிறதா? இக்கேள்விக்கு நீதிமன்றத்தில் ஒரு விடை இருக்கிறது. தெருவில் வேறொரு விடை இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகத் திரைப்படம், இசை, நிகழ்த்துகலை, ஒளிப்படம், சிற்பம் என்று துறை மாறித் துறை பயணித்த ஒரு கலைஞர் இதை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை அறிவது, கைபேசியோடு களத்திற்குச் செல்லும் நமக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

மிசிசிப்பி: ஒரு தாயின் முடிவு

ஜாஃபா 1960இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபலோ நகரில் பிறந்தார். அதே மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகரில் வளர்ந்தார். அவர் பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1955 ஆகஸ்டில், அந்த வட்டாரத்தில்தான் பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரு எதிரிகளையும் விடுதலை செய்தது.

அவ்வழக்கில் நீதிமன்றம் செய்யத் தவறியதை ஓர் ஒளிப்படம் செய்தது. சிறுவனின் தாய் மேமி டில், மகனின் சிதைந்த முகத்தை மறைக்காமல் சவப்பெட்டியைத் திறந்துவைக்க முடிவெடுத்தார். சிகாகோவில் பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அதைப் பார்த்தனர். கறுப்பினத்தவர் நடத்திய 'ஜெட்' இதழ் அப்படத்தை வெளியிட்டது. அமெரிக்கக் குடியுரிமை இயக்கத்தின் ஒரு தலைமுறையே அந்தப் படத்தின் முன் விழித்தெழுந்தது என்று சொல்வது மிகையன்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, காட்டுவது என்று முடிவெடுத்தவர் யார் என்பதையே. தாயே முடிவெடுத்தார், வெளியிட்டது அவருடைய சமூகத்தின் இதழ். இதற்கு நேரெதிரான ஒரு மரபும் அமெரிக்காவில் இருந்தது. கும்பல் கொலைகளைச் செய்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் தொங்கும் உடலின் அருகே நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்கப்பட்டன. இரண்டிலும் காட்டப்பட்டது கொல்லப்பட்ட கறுப்பின உடல்தான். ஒன்று குற்றச்சாட்டு, மற்றொன்று கொண்டாட்டம். படத்தின் பொருளை அதிலுள்ள காட்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. எடுத்த கையும் அனுப்பிய கையும் பெற்ற கையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 2017இல் விட்னி அருங்காட்சியகத்தில் டேனா ஷட்ஸ் என்னும் வெள்ளையின ஓவியர், எம்மெட் டில்லின் சவப்பெட்டியை ஓவியமாக வைத்தபோது எழுந்த கடும் எதிர்ப்புக்கு இதுவே அடிப்படை.

ப்ளூஸ் முதல் மெட்டல் வரை: உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது

கிளார்க்ஸ்டேல் உலக இசை வரலாற்றில் நீங்காத ஊர். பருத்தித் தோட்டக் கூலிகளின் இசையான டெல்டா ப்ளூஸின் நடுவூர் அது. அருகிலிருந்த ஸ்டோவல் தோட்டத்தில் வேலைசெய்த மடி வாட்டர்ஸின் பாடலை 1941இல் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்தனர். 1943இல் அவர் சிகாகோவுக்குப் புறப்பட்டு, கிதாரை மின்னிணைப்பில் முழங்கச் செய்தார். அந்த முழக்கம் கடல் கடந்து இங்கிலாந்தின் தொழில் நகரங்களை அடைந்தது. பர்மிங்ஹாமில் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வரே பின்னர் பிளாக் சாபத் ஆயினர். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்தவர். 1970இல் வெளியான அவர்களது முதல் தொகுப்பையே ஹெவி மெட்டல் இசையின் பிறப்பாகப் பலரும் கொள்கின்றனர்.

இந்த வழித்தடத்தில் ஒரு வழக்கும் உண்டு. மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பிறந்த வில்லி டிக்சன் எழுதிய பாடலொன்றை மடி வாட்டர்ஸ் 1962இல் பதிவு செய்தார். லெட் செப்பலின் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' பாடல் அதிலிருந்து எடுத்தாளப்பட்டது என்று டிக்சன் 1985இல் வழக்குத் தொடர்ந்தார். 1987இல் அது சமரசத்தில் முடிந்தது. பின்னர் பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது. அக்குழுவின் பிளாண்ட்டும் பேஜும் 1998இல் தம் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு 'வாக்கிங் இன்டு கிளார்க்ஸ்டேல்' என்றே பெயரிட்டனர். ஊரின் பெயர் உறைமேல் ஏறியது. அந்த ஊரின் வயலில் வேலைசெய்தவர்களின் பெயர் ஏறுவதற்கோ வழக்கு தேவைப்பட்டது.

கறுப்பினப் பண்பாட்டை விரும்பி நுகரும் நாடு, கறுப்பின மக்களை ஏன் அவ்வாறு விரும்புவதில்லை? இந்தக் கேள்வி ஜாஃபாவின் காணொளியில் ஓர் இளம் நடிகையின் வாயிலாக நேரடியாகவே கேட்கப்படுகிறது. கிளார்க்ஸ்டேலில் வளர்ந்த ஒருவருக்கு அது ஏட்டில் கற்ற கேள்வியன்று.

இசையிலிருந்து ஜாஃபா எடுத்துக்கொண்டது ஒரு தத்துவம். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கட்டடங்களையோ சிற்பங்களையோ கொண்டுவர முடியவில்லை. உடலும் நரம்பும் நினைவும் சுமக்கக் கூடியவை மட்டுமே கரையேறின: குரல், தாளம், ஆட்டம், பேச்சு. ஆகவேதான் கறுப்பின மக்களின் மேதைமை இசையிலும் நிகழ்த்துகலையிலும் பிரசங்க மேடையிலும் விளையாட்டுத் திடலிலும் பொங்கி வழிகிறது என்பது அவர் வாதம். அப்படியானால், கறுப்பின இசைக்கு இருக்கும் ஆற்றலைத் திரைப்படத்துக்கு எப்படி அளிப்பது? அவருடைய வாழ்நாள் தேடல் இதுவே.

திரைப்படம்: தோலின் நிறமும் கேமராவின் வேகமும்

வாஷிங்டனிலுள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்கான வரலாற்றுச் சிறப்புமிக்க கல்வி நிலையம். அங்கே ஜாஃபா கட்டடக்கலையும் திரைப்படமும் பயின்றார். எத்தியோப்பிய இயக்குநர் ஹைலே கெரிமா அங்கு ஆசிரியராக இருந்தார். கறுப்பின வாழ்வைப் படமெடுப்பதென்றால், கதையை மாற்றினால் போதாது. படமெடுக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்னும் சிந்தனை அச்சூழலில் வேரூன்றியிருந்தது.

அதன் காரணத்தை அறியப் படச்சுருளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க நீண்டகாலம் பயன்பட்டவை 'ஷெர்லி அட்டைகள்'. அவற்றில் இருந்தது வெள்ளையினப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாகத் தெரிந்தால் நிறம் சரி என்று பொருள். கறுத்த தோல் கொண்டோரின் முகங்கள் விவரமிழந்து இருண்டு போயின. பழுப்பு நிறங்களைச் செம்மையாகக் காட்டும் சுருளுக்கான அழுத்தம் முதலில் மனிதர்களின் முறையீட்டால் வரவில்லை. தம் பொருள்களின் நிறம் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்ற மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்களின் முறையீட்டால் வந்தது என்று ஆய்வாளர் லோர்னா ராத் எடுத்துக்காட்டியுள்ளார். கருவி நடுநிலையானது என்று நம்புவோர் இந்த வரலாற்றை ஒருமுறை நினைவில் கொள்ள வேண்டும். அளவுகோல் யாரை மையமாக வைத்து வரையப்பட்டதோ அவர்களுக்கே அது நேராக இருக்கும்.

ஜூலி டேஷ் இயக்கி 1991இல் வெளிவந்த 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' படத்திற்கு ஜாஃபா ஒளிப்பதிவு செய்தார். 1902ஆம் ஆண்டில், தென்கிழக்குக் கடலோரத் தீவுகளில் வாழ்ந்த கல்லா இனக் குடும்பமொன்று வடக்கு நோக்கிப் புலம்பெயரும் தறுவாயில் நிற்கும் கதை அது. கறுப்பினத் தோலின் பல்வேறு சாயல்கள் இயற்கை ஒளியில் துலங்கும்படி படமாக்கப்பட்டது. சில இடங்களில் கேமராவின் ஓட்டவேகம் மாற்றப்பட்டு, அசைவு நீண்டும் தயங்கியும் செல்கிறது. சன்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுக்கான விருது அப்படத்திற்குக் கிடைத்தது. கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கி அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான முதல் முழுநீளப் படம் என்ற சிறப்பும் அதற்கு உண்டு.

வேகத்தை மாற்றும் இந்த உத்தியை அவர் ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். கறுப்பினப் பாடகர் ஒரு சுரத்தை நேராகப் பிடிக்காமல் வளைத்தும் நடுங்கவைத்தும் இழுப்பதுபோல, திரையில் அசைவும் வளைந்து நடுங்க வேண்டும் என்றார். அதற்குக் 'கறுப்புக் காட்சித் தொனி' என்று பொருள்படும் பெயரிட்டார். பின்னர் ஸ்பைக் லீயின் 'க்ரூக்ளின்' (1994) படத்திற்கு ஒளிப்பதிவாளராகவும், ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஐஸ் வைட் ஷட்' (1999) படத்தில் இரண்டாம் ஒளிப்பதிவுக் குழுவிலும் பணியாற்றினார். ஆனால் அவர் தேடிய திரைமொழிக்குத் திரைத்துறையில் இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. அவருடைய பெயர் உலகறிந்தது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே.

ஒளிப்படம்: வெட்டி ஒட்டிய ஏடுகளும் சவுக்கடி பட்ட முதுகும்

திரைத்துறையில் கதவு திறக்காத காலத்திலும் ஜாஃபாவின் கை ஓய்ந்திருக்கவில்லை. இதழ்களிலிருந்தும் நூல்களிலிருந்தும் படங்களை வெட்டியெடுத்து ஏடுகளில் அடுக்கினார். இசைக்கலைஞர், வேற்றுலக உயிரி, கும்பல் கொலை, ஆப்பிரிக்க முகமூடி, நாகரிக விளம்பரம் எனத் தொடர்பற்ற படங்கள் அருகருகே அமர்ந்தன. இரண்டு படங்களை அருகில் வைக்கும்போது மூன்றாவது பொருள் ஒன்று பிறக்கிறது என்பதே அந்த ஏடுகளின் இலக்கணம். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹேமர் அருங்காட்சியகக் கண்காட்சியில் அவை கலைப்படைப்புகளாகவே வைக்கப்பட்டன. 2017இல் லண்டனின் செர்பன்டைன் கலைக்கூடத்தில் தம் கண்காட்சி நடந்தபோது, ஒளிப்படக் கலைஞர் மிங் ஸ்மித் உள்ளிட்டோரின் படைப்புகளுக்கும் அவர் அதில் இடமளித்தார்.

அவருடைய சிற்பங்களும் ஒளிப்படத்திலிருந்தே எழுந்தவை. லூசியானாவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கோர்டன் என்பவரின் தழும்பேறிய முதுகைக் காட்டும் 1863ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ்பெற்றது. அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தினர் அதைச் சிறு அட்டைகளாக அச்சிட்டுப் பரப்பினர். 2017இல் ஜாஃபா அதே முதுகைப் புடைப்புருவமாக வார்த்தார். தட்டையான படத்தில் கண்ணால் கடந்துசெல்லும் தழும்பு, மேடும் பள்ளமுமாக முன்னே நிற்கிறது. கனரக வண்டிகளின் பெருஞ்சக்கரங்களை இரும்புச் சங்கிலிகளால் சுற்றிய 'பிக் வீல்' (2018) வரிசையிலும் அதே எடை இருக்கிறது. இயந்திரம், தெற்கத்திய மாநிலங்களின் கேளிக்கை, அடிமைச் சங்கிலி மூன்றும் ஒரே பொருளில் இறுகிக் கிடக்கின்றன.

ஒளிப்படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கும் சென்றது. 1850இல் தென் கரோலினாவில், கறுப்பினத்தவர் தாழ்ந்தவர் என்று நிறுவ விரும்பிய ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசிஸுக்காக, ரென்டி என்பவரையும் அவர் மகள் டெலியாவையும் ஆடை களைந்து படமெடுத்தனர். ரென்டியின் வழித்தோன்றல் என்று கூறும் டமாரா லேனியர் 2019இல் ஹார்வர்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். 2022இல் மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், படங்களில் அவருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் பல்கலைக்கழகம் அவரை நடத்திய விதத்தால் நேர்ந்த மன உளைச்சலுக்கு வழக்காட உரிமை உண்டு என்றது. 2025இல் ஏற்பட்ட சமரசத்தின்படி அப்படங்களைக் கைவிட ஹார்வர்ட் ஒப்புக்கொண்டது. அவை சார்ல்ஸ்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குச் செல்ல வழி பிறந்தது. எடுத்தவருக்கே படம் சொந்தம் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் பழைய விதி. எடுக்கப்பட்டவருக்கு என்ன உரிமை என்பதைச் சட்டம் இப்போதுதான் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கியிருக்கிறது.

ஏழரை நிமிடங்கள்

'லவ் இஸ் த மெசேஜ்' படைப்பு இத்தனை நீரோட்டங்களும் கலந்த இடம். ஜாஃபா எடுத்த காட்சிகள் அதில் சிலவே. பெரும்பாலானவை இணையத்திலிருந்தும் செய்திப்படங்களிலிருந்தும் திரட்டப்பட்டவை. பின்னணியில் கான்யே வெஸ்ட்டின் 'அல்ட்ராலைட் பீம்' பாடல் ஒலிக்கிறது. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கொல்லப்பட்டோருக்கான இரங்கல் கூட்டத்தில் ஒபாமா பாடுகிறார். மார்ட்டின் லூதர் கிங் தோன்றுகிறார். கூடைப்பந்து வீரர் பாய்கிறார். நீச்சலுடையிலிருக்கும் சிறுமியைக் காவலர் தரையில் அழுத்துகிறார். கொதிக்கும் சூரியனின் பரப்பு திரையை நிறைக்கிறது. துயரக் காட்சிகளை ஒரு பக்கமும் மகிழ்ச்சிக் காட்சிகளை மறுபக்கமும் பிரிக்காமல் ஒரே தாளத்தில் கோத்ததே இதன் புதுமை.

சுடப்படும் மனிதர் வால்டர் ஸ்காட். 2015 ஏப்ரல் 4 அன்று தென் கரோலினாவின் வடக்கு சார்ல்ஸ்டனில், தம் மின்னதிர்ச்சிக் கருவியை அவர் பறித்ததால் உயிருக்கு அஞ்சிச் சுட்டதாகக் காவலர் கூறினார். வழிப்போக்கர் ஒருவரின் கைபேசிக் காணொளி அக்கூற்றைத் தகர்த்தது. ஆயினும் 2016 டிசம்பரில் மாநில நீதிமன்ற நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் விசாரணை முறிந்தது. பின்னர் கூட்டாட்சி வழக்கில் காவலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2017 டிசம்பரில் இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கண்முன் காணும் காட்சியும் தானாகவே தீர்ப்பாகி விடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செய்திச் சேனல்கள் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டின. ஒவ்வொரு முறையும் ஸ்காட் விழுந்தார். விழுபவராக மட்டுமே உலகுக்கு அறிமுகமானார். ஜாஃபாவின் தொகுப்பு அதற்கு ஒரு மறுப்பு. கொல்லப்படுவது ஒரு மக்களின் வாழ்வில் நிகழ்கிறது. ஆனால் அம்மக்களின் வாழ்வு அதுமட்டுமன்று. ஆடுபவர்களின் நடுவே சாவை வைக்கும்போது, இழந்தது என்ன என்பது விளங்குகிறது.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின், பதின்மூன்று அருங்காட்சியகங்களும் கலை நிறுவனங்களும் 48 மணி நேரம் ஒரே வேளையில் அக்காணொளியை இணையத்தில் ஒளிபரப்பின.

கண்ணீரின் சிக்கல்

புகழோடு ஒரு நெருடலும் வந்தது. கலைக்கூடத்துக்கு வந்த வெள்ளையினப் பார்வையாளர் பலர் கண்ணீர் மல்க வெளியேறினர். அக்கண்ணீர் ஜாஃபாவுக்கு நிறைவளிக்கவில்லை. ஏழரை நிமிடத்தில் உருகி, குற்றவுணர்வைக் கழுவிக்கொண்டு, இலகுவாக வீடு திரும்ப முடிகிறதென்றால் அப்படைப்பு யாருக்குத் தொண்டு செய்கிறது என்ற ஐயத்தை அவர் வெளிப்படையாகவே பேசினார்.

அவர் அடுத்து எடுத்தவை அந்த எளிய உருக்கத்துக்கு இடம்கொடாதவை. 2018இல் வந்த 'அகிங்டன்கம்தாஸ்' ஏறத்தாழ நூறு நிமிடம் ஓடுகிறது. கறுப்பினத் தேவாலயங்களின் பாடல்களும் பிரசங்கங்களும் வெட்டுச் சுருக்கமின்றி நீள்கின்றன. வந்து எட்டிப்பார்த்துப் போக முடியாது. அமர்ந்து கேட்க வேண்டும். பிரசங்கமே ஒரு நிகழ்த்துகலையாகவும், திரை அதற்கு மேடையாகவும் ஆகின்றன.

அதே ஆண்டின் 'த வைட் ஆல்பம்' கேமராவைத் திருப்பியது. அதில் பார்க்கப்படுபவர் வெள்ளையினத்தவர்: இனவெறியைக் கடிந்து பேசும் ஒருவர், தம் அறியாமையை அறியாமல் பேசும் ஒருவர், 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்ற இளைஞன் வாசலில் நுழையும் கண்காணிப்புப் பதிவு. அவர்களோடு ஜாஃபா நேசிக்கும் வெள்ளையின நண்பர்களின் அமைதியான முகங்களும் இடம்பெறுகின்றன. வெறுப்பையும் அன்பையும் ஒரே படத்தில் வைத்து, வெள்ளையினத்தை ஆய்வுப் பொருளாக்கியது இப்படைப்பு. 2019இல் வெனிஸ் பியனாலேயில் சிறந்த பங்கேற்பாளருக்கான தங்கச் சிங்க விருது அவருக்குக் கிடைத்தது. 2024இல் 'டாக்சி டிரைவர்' படத்தின் இறுதித் துப்பாக்கிச் சூட்டை எடுத்து, சுடப்படும் வெள்ளையினப் பாத்திரங்களின் இடத்தில் கறுப்பின நடிகர்களை வைத்து, அக்காட்சியைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தினார். மூலத் திரைக்கதையில் கறுப்பினத்தவராக இருந்த பாத்திரம் படத்தில் வெள்ளையராக மாற்றப்பட்ட வரலாற்றை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இவர்மீது வைக்கத்தக்க விமர்சனமும் உண்டு. ஸ்காட்டின் சாவு விலையுயர்ந்த கலைச்சந்தைக்குள் நுழைந்துவிட்டது. தாளத்தோடு இணைந்த சாவு அழகாகிவிடும் இடர் இருக்கிறது. மேமி டில் போலக் குடும்பத்தினர் எடுத்த முடிவு இங்கே இல்லை. இக்குறைகளை ஜாஃபாவின் மேதைமையைச் சொல்லி மறைத்துவிட முடியாது. தம் படைப்பின் வெற்றியையே ஐயுற்று, அடுத்த படைப்பால் அதைக் கேள்விக்குள்ளாக்கினார் என்பதே அவரை மதிக்க வைக்கிறது.

நம் களத்துக்கு என்ன பாடம்?

ஊனாவின் காணொளியை எடுத்தவர்கள் அடித்தவர்களே. அஞ்சலட்டை மரபின் தொடர்ச்சி அது: அச்சுறுத்தவே பரப்பினார்கள். ஆனால் அது எதிர்பாராத கைகளுக்குச் சென்றது. செத்த மாடுகளை அரசு அலுவலகங்களின் முன் கொண்டுவந்து போட்டு, இனி அந்த வேலையைச் செய்யோம் என்றனர் குஜராத் தலித்துகள். அகமதாபாத்திலிருந்து ஊனா வரை பேரணி நடந்து 2016 ஆகஸ்ட் 15 அன்று நிறைவுற்றது. அடித்தவர் எடுத்த படத்துக்கு அடிபட்ட சமூகம் வேறு பொருளை எழுதியது. படம் மட்டும் அதைச் செய்யவில்லை. அமைப்பும் மறுப்பும் நடையும் செய்தன.

உடுமலைப்பேட்டை வழக்கு வேறொரு பாடம் தருகிறது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று பெண்ணின் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. வெட்டிய கையைக் கேமரா பிடிக்கும். வெட்டச் சொன்ன வாயை, அதற்கு முன்பே வீட்டிலும் உறவிலும் ஊரிலும் ஊறிய சாதியை அது பிடிக்காது. அதைச் சாட்சியங்களாலும் ஆவணங்களாலும் பொறுமையாகக் கட்டியெழுப்ப வேண்டும். காணொளி இருக்கிறதே என்ற மிதப்பில் புலனாய்வின் மற்ற பணிகள் தளர்ந்துவிடக் கூடாது.

எனவே, வழக்குரைஞர்களாக நாம் களச்செயற்பாட்டாளர்களிடம் வலியுறுத்துவது இது. வன்முறைக் காணொளி முதலில் சான்று. அதைப் பதிவு செய்த மூலக் கருவியைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகல் மூலத்துக்கு ஈடாகாது. மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அதனைக் கோருகிறது. அதற்குரிய படிவம் பதிவின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. பதிவு கைக்கு வந்த நாள், நேரம், வழி ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

பாலியல் வன்கொடுமையாயின் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ முகத்தையோ வெளியிடுவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. அவர் இறந்துவிட்டாலும் விருப்பப்படி பெயரை வெளியிட முடியாது என்று 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் சினம் நியாயமானது என்பது இதற்கு விலக்கு ஆகாது. மறுபுறம், கேமராவை நீதியின் பக்கம் திருப்பும் உரிமையும் நமக்கு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ(10) பிரிவு, அச்சட்டத்தின்கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. எத்தனை வழக்குகளில் நாம் இதற்கு மனு போடுகிறோம்?

சட்டம் சொல்லாத ஒன்றை மேமி டில்லும் ஜாஃபாவும் சொல்கிறார்கள். பகிர்வதற்கு முன் குடும்பத்தைக் கேளுங்கள். மறுத்தால் மதியுங்கள். இசைந்தால், இறந்தவரை வெட்டுப்பட்ட உடலாக மட்டும் காட்டாதீர்கள். அவர் படித்த படிப்பு, செய்த வேலை, சிரித்த படம், கொண்ட காதல் ஆகியவையும் அருகில் இருக்கட்டும். நம் மக்களைச் சாகும் கணத்தில் மட்டுமே படம்பிடிக்கும் உலகத்துக்கு, வாழும் கணங்களைப் பதிவு செய்து வைப்பதும் ஓர் எதிர்வழக்கே. அதை எழுத மாணவர்களின் கையிலிருக்கும் கைபேசியே போதும்.